எண்பது குதிரை சக்தி

மொன்டானாவில் ஒரு சிற்றூர். டெல்மர் தன் இருபது வருடத்து டீசல் வண்டியின் எஞ்சின் கம்ப்யூட்டரில், இணையத்தில் கிடைத்த புரோகிராம் ஒன்றை ஏற்ற உட்கார்ந்தான். மனைவி டார்லா காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“வேணாம்ப்பா. நமக்குச் சோறு போடற வண்டி.”

“எண்பது குதிரை சக்தி கூடுமாம். சும்மா கிடைக்குது, விடுவேனா?”

“பேட்டரியையாவது மாத்திட்டுச் செய்யேன். காலையில முக்கி முனகித்தானே ஸ்டார்ட் ஆச்சு!”

“அதெல்லாம் தாங்கும்.”

புரோகிராம் தொண்ணூறு சதவீதம் ஏறியபோது பேட்டரி படுத்துவிட்டது. புது பேட்டரி மாட்டியும் வண்டி கிளம்பவில்லை. கம்ப்யூட்டரில் பழையது அழிந்திருந்தது. புதியது முழுதாக ஏறியிருக்கவில்லை.

நகரத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டான்.

“பாதியில நின்னுடுச்சா? வாரத்துக்கு நாலு பேர் இப்படித்தான் வர்றாங்க சார். வண்டியக் கொண்டு வாங்க, சரி பண்ணிடலாம்.”

“எப்படிக் கொண்டு வர்றது? அசையவே மாட்டேங்குதே!”

“பழுதான வண்டிய இழுத்துட்டு வர்ற ஆள் உங்க ஊர்ல இல்லையா?”

“அறுபது மைலுக்கு ஒரே ஒருத்தன்தான்.”

“அப்புறம் என்ன? அவரைக் கூப்பிடுங்க.”

டெல்மர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அவன்தாங்க பேசறேன்.”