கைப்பிடியில் தொங்கிய தொப்பி

வவாவு தீவின் மீன் கிடங்கில், உறைபனி அறையின் குளிர்க்குழாய்கள் மேல் ஒரு வாரமாகப் பனி மண்டிக் கிடந்தது. குளிர் ஏறவில்லை. நாளைக் கப்பலுக்குள் சரியாகாவிட்டால் ஊரார் பிடித்த சூரை மீனெல்லாம் குப்பைக்குத்தான்.

கிழ மெக்கானிக் மொசெசே தினமும் வந்து பனியைச் சுரண்டினார். பனி உருக்கும் ஹீட்டர் நன்றாக இருந்தது. வடிகுழாயில் அடைப்பில்லை. கதவு ரப்பர் புதிது. வெளியே வந்து, கைப்பிடியில் மாட்டியிருந்த தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். உள்ளே போகிறவரின் தொப்பி அங்கே தொங்கும்வரை கதவைச் சாத்தக் கூடாது என்பது கிடங்கின் வழக்கம்.

"கதவத் தெறந்து போட்டுட்டு அரட்டை அடிக்கிறீங்க. வேற கோளாறே இல்ல," என்று எடை போடும் மெலேயிடம் எரிந்து விழுந்தார்.

"சாத்திட்டு, உள்ள இருக்கறவர் செத்தா நீங்க வந்து அழுவீங்களா, பெரியவரே? தினமும் காலையில ஒரு தொப்பி தொங்குது, சாயங்காலம்தான் போகுது. இப்பவும் தொங்குதே!"

கைப்பிடியில் இன்னொரு ஓலைத்தொப்பி இருந்தது.

"யாருதும்மா இது?"

"உங்க ஆளுதுன்னுதான நெனச்சோம்."

"எனக்கு ஏது ஆளு? நான் எவனையும் நம்பிக் கூட்டிட்டு வர்றதில்ல."

தன் தொப்பியையும் பக்கத்தில் மாட்டிவிட்டு மறுபடி உள்ளே போனார். பெட்டி பெட்டியாக நகர்த்திப் பார்த்தார். மீன்தான் இருந்தது, ஆள் யாரும் இல்லை.

வெளியே வந்து தன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்த இன்னொரு தொப்பியை வீசி எறிய எடுத்தார். அதன் உட்புறம் வியர்வையில் நனைந்து, தலைச்சூட்டோடு இருந்தது.

கதவைச் சாத்தப் பாதி தள்ளியவர் நின்றார். பிறகு தொப்பியை இருந்த இடத்திலேயே மாட்டினார்.

"சாத்தாதம்மா. அவரு வரட்டும்."

முன்வரிசை மீன்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.