கையகலப் பவளம்

கடலில் பவளப்பாறைகள் செத்துப்போன பிறகு, தூத்துக்குடியில் வீட்டுக்கொரு பவளத்துண்டைத் தொட்டியோடு கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். கையகலம் வளர்ந்ததும் அதிகாரிகள் எடுத்துப்போய்க் கடலில் நடுவார்களாம். அதுவரை வளர்ப்பவர் ஊரைத் தாண்டக் கூடாது.

ஜெனோவாவின் மகள் கோவையில் நிறைமாதமாக இருந்தாள். அவளிடம் போய்ச் சேரவே ஜெனோவா தொட்டித் தண்ணீரோடு மல்லுக்கட்டினாள். பவளம் வளரக் கால்சியமும் வேண்டும், காரமும் வேண்டும். கால்சியத்தைப் பிடித்து நிறுத்தினால் காரத்தன்மை இறங்கியது. காரத்தை ஏற்றினால் கால்சியம் சரிந்தது. இரண்டையும் ஒருசேர ஊற்றினாலோ தண்ணீர் சுண்ணாம்புப் பாலாகிவிடும், பவளம் செத்துவிடும். காலையில் ஒன்று, மாலையில் மற்றது என்று சொட்டுச் சொட்டாக விட்டு, தெருவில் எல்லோரையும் முந்திக்கொண்டு வளர்த்துவிட்டாள்.

அதிகாரி வந்து அளந்தபோது வாசலில் அவள் பை தயாராக இருந்தது.

"கையகலம் வந்துட்டும்மா. ஒங்களுதுதான் இப்படி வளந்துருக்கு."

"அப்ப எடுத்துட்டுப் போங்க சார். மக இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா."

"எங்க கொண்டு போக? கடல் இன்னும் சரியாவலயே."

அவர் சின்ன ரம்பத்தால் பவளத்தை இரண்டாக அறுத்தார். ஒரு பாதியைப் பழைய தொட்டியிலேயே விட்டார். மறுபாதிக்கென்று கொண்டுவந்திருந்த புதுத் தொட்டியை, அவள் பையை நகர்த்திவிட்டு அங்கே வைத்தார்.

"நல்லா வளக்கிறவங்களத்தான நம்பிக் குடுக்க முடியும்?"

அவர் போனதும் மகள் போனில் கூப்பிட்டாள். "எம்மா, கெளம்பிட்டியா?"

ஜெனோவா கால்சியப் பாட்டிலையும் காரப் பாட்டிலையும் கையில் எடுத்திருந்தாள். ஒருசேர ஊற்ற ஒரு நொடி போதும். தொட்டிக்குள் பவளம் தன் சின்னச் சின்ன வாய்களைத் திறந்துகொண்டிருந்தது.

ஒரு பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"இல்ல மக்கா. இங்கயும் ஒண்ணு பொறந்துருக்கு."