புது மாடல் சக்கரங்கள்

கராஜுக்குள் எட்டிப் பார்த்தால், இவர் காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்திப் பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அதுவும் எந்தச் சக்கரம்? போன மாதம் ஆசை ஆசையாக வாங்கிப் போட்ட புது மாடல் சக்கரம்.

எங்கள் கார் பழசு. அதே காரின் புது மாடலுக்கு வருகிற பெரிய சக்கரங்களை, டயரோடு, பக்கத்தில் எடிசன் ஊரில் யாரோ விற்கிறார்கள் என்று தேடிப் பிடித்து வாங்கி வந்தார் என் வீட்டுக்காரர் சுவிசேஷமுத்து. ரிட்டயர் ஆகப் போகிற வயதில் காருக்கு என்ன அலங்காரம் என்று கேட்டேன். பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்றார்.

இருக்கத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பார்க்கிங்கில் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் பழைய டூத்பிரஷை எடுத்துக்கொண்டு கம்பி கம்பியாகத் தேய்த்தார். கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மாட்டிய அன்றைக்கே டயர் கடைக்காரர் ஒன்று சொன்னார். உங்கள் வண்டிக்கு இது கொஞ்சம் அகலம். நீங்கள் இரண்டு பேர் மட்டும் போனால் ஒன்றும் ஆகாது. பின் சீட்டில் ஆள் உட்கார்ந்து, மேடு பள்ளத்தில் இறங்கினால், டயர் மட்கார்டில் உரசும்.

பின் சீட்டில் உட்கார எங்களுக்கு யாரும் இல்லை என்றார் இவர், சர்வசாதாரணமாக.

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சீட்டில் உட்கார்ந்து ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் போனவள் ஒருத்தி இருக்கிறாள்.

ரெனிஷா. எங்கள் ஒரே மகள். கௌசிக்கைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவின் மறுகோடிக்கு, சியாட்டிலுக்குப் போனவள். சர்ச்சில் நடக்காத கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று இவர் போகவில்லை. இவரை விட்டுவிட்டு நானும் போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து கராஜுக்குப் போய்விடுவார். எதையாவது துடைப்பார், எதையாவது அடுக்குவார். எங்கள் கராஜ் அளவுக்குச் சுத்தமான கராஜ் இந்தப் பிளெய்ன்ஸ்பரோ ஊரிலேயே கிடையாது.

நான் அவளோடு பேசுவது கராஜை ஒட்டிய லாண்டரி ரூமில். கதவைச் சாத்தி, துணி உலர்த்தும் டிரையரை ஓட விட்டு, வீடியோ காலில் பேசுவேன். சிரிப்பேன். சில நாள் பாட்டுக்கூடப் பாடுவேன். டிரையர் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது.

நேற்று அப்படிப் பேசும்போதுதான் சொன்னாள். கௌசிக்குக்கு நியூயார்க்கில் ஏதோ ஆபீஸ் வேலையாம், கூடவே அவளும் வருகிறாளாம். சனிக்கிழமை அங்கே ரயிலேறினால் எங்கள் பக்கத்து ஸ்டேஷன் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கிவிடலாம். ஆனால் டாடி வரச் சொன்னால்தான் வருவாளாம். இல்லையென்றால் அப்படியே திரும்பிப் போய்விடுவாளாம். பிடிவாதத்தில் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

இன்று காலை காபியைக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் வருவதாக இருக்கிறார்கள் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

இவர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கராஜுக்குப் போய்விட்டார்.

இவ்வளவுதான் பதில் என்று நினைத்தேன். லாண்டரி ரூமுக்குப் போய் டிரையரைப் போட்டேன். போனைக் கையில் எடுத்தேன். பெற்ற மகளிடம் வராதே என்று எந்த வாயால் சொல்வது? கூப்பிட மனம் வரவில்லை. போனை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கராஜில் இரும்புச் சத்தம் கேட்டது.

வந்து பார்த்தால் இந்தக் கூத்து. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் வரலாமா வேண்டாமா என்று இங்கே ஒருத்தி தவித்துக்கொண்டிருக்கிறேன், இவருக்குச் சக்கரத்தோடு விளையாட்டு.

"ஏங்க, அவ்ளோ ஆசைப்பட்டு வாங்கினத இப்ப எதுக்கு கழட்டுறீங்க?"

இவர் நிமிரவில்லை. மூலையில் கறுப்புப் பையில் சுற்றி வைத்திருந்த பழைய சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து மாட்டினார். நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார்.

"பின்னாடி ஆள் உட்கார்ந்தா உரசும்ல, லீலா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரச் சொல் என்று இந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். எனக்கு இது போதும், அவளுக்கும் போதும்.

இவர் கையைத் துடைத்துக்கொண்டு காரின் பின் கதவைத் திறந்தார். சீட்டில் கிடந்த குடையையும் பழைய சர்ச் நோட்டீஸ்களையும் எடுத்து வெளியே வைத்தார். உள்ளங்கையால் சீட்டை ஒரு முறை தட்டினார்.

"கார் சீட்டு அவங்களே கொண்டு வராங்களா, இல்ல நம்ம வாங்கணுமா? கைக்குழந்தைய இந்த ஊர்ல மடில வெச்சு கூட்டிட்டு வர முடியாது."

குழந்தை பிறந்ததை நான் இவரிடம் சொன்னதே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் டிரையர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு துணிகூடக் கிடையாது. போய் நிறுத்தினேன்.