பெல்லில் கட்டிய கூடு

ஊக்கின் முனையைத் துளைக்குள் விட்டு அழுத்தினாள்.

வரவில்லை.

தாலிக்கொடியில் எப்போதும் இரண்டு ஊக்கு கிடக்கும். ஒன்று வளைந்துவிட்டது. அடுத்ததைக் கழற்றினாள். இந்த முறை டக்கென்றது. வாசல் சுவரில் இருந்த வீடியோ பெல் கழன்று கைக்கு வந்தது.

கூடவே மண்ணும் உதிர்ந்தது.

குளவி மண். பட்டனைச் சுற்றி, ஸ்பீக்கர் சல்லடையில், மைக் துளையில், சிமென்ட் பூசியதுபோல் இறுகிக் கிடந்தது. இரண்டு மாதமாக இந்த பெல் அடிப்பதில்லை. இதில் பேச்சும் கேட்பதில்லை. கேமராவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மேடவாக்கம் ஃப்ளாட்டின் வாசல், கோவில்பட்டியில் இருக்கும் மாமியாரின் போனில் தெரியும். அங்கிருந்தே பெல் வழியாகப் பேசவும் முடியும். அவள் கணவன் ஞானவேல்தான் அப்படி வைத்துக்கொடுத்தான். அம்மாவுக்குப் பொழுது போகட்டுமாம்.

வாயில் மண்ணோடு குளவி வந்து வந்து போனதை முதலில் பார்த்ததும் மாமியார்தான். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை உண்டாகும். அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லியாயிற்று. கூட்டை யாரும் தொடக் கூடாது என்று மகனுக்கும் சொல்லியாயிற்று.

அவன் அதை அவளிடம் சொன்னான்.

"கலைக்காத. அம்மா ஆசைப்படுறாங்க."

தெரிந்தே சொன்னான்.

ரிப்போர்ட் சித்திரையிலேயே வந்துவிட்டது. அவளிடம் ஒரு குறையும் இல்லை. குறை அவனிடம். டாக்டரம்மா நல்ல தமிழில் இரண்டு முறை சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான். அவளும் அழுதாள். சரி என்றாள்.

அவனிடம் குறை இருப்பதற்காக அவளுக்கு அன்றும் கோபம் இல்லை. இன்றும் இல்லை.

வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தி. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்," என்றாள் மாமியார். அவளைப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் பக்கத்து இலையில் இருந்தான். ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான். எந்தச் சட்டி என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கொடுத்த வாக்கு. விழுங்கினாள்.

நேற்று மாமியாரிடமிருந்து அடுத்தது வந்தது.

ஆடி வெள்ளிக்குக் கோவிலில் மண்சோறு. தரையில் சோற்றைப் போடுவார்கள். பிள்ளை இல்லாதவள் மண்டியிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயால் எடுத்துத் தின்ன வேண்டும். ஊரே பார்க்கும்.

"ஒரு நாள்தான. சாப்பிட்டுட்டு வந்துரேன்," என்றான்.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

அவன் ஆபீஸிலிருந்து வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்து பெல்லை மடியில் வைத்துக்கொண்டாள். தையல் மிஷின் டப்பாவில் இருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரால் நாலு திருகாணியையும் கழற்றினாள். மூடியைப் பிரித்தாள். பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் பிரஷ் முடி உதிர்ந்தது.

ஒரு கட்டி அப்படியே பெயர்ந்து வந்தது.

திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு ஓட்டை. உள்ளே காய்ந்த தோல் ஒன்று. வேறு ஒன்றும் இல்லை.

குஞ்சு எப்போதோ பறந்துவிட்டது.

குளவி தன் பிள்ளையைப் பெற்றெடுத்துக்கொண்டு தன் வழியில் போய்விட்டது. காலிக் கூட்டுக்கு இவர்கள் காவல். இதற்கு அவள் ஏழு செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்திருக்கிறாள்.

"த்தூ," என்றாள்.

மைக் துளையை ஊக்கால் குத்தினாள். மெதுவாகக் குத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கை கேட்கவில்லை. ஊதினாள். மறுபடி குத்தினாள். துளை தெரிந்தது. ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பள்ளத்தில் உட்கார வைத்தாள். மூடியைப் பொருத்தித் திருகாணிகளை முறுக்கினாள். எழுந்து சுவரில் மாட்டினாள்.

பட்டனை அழுத்தினாள்.

வீட்டுக்குள் மணி அடித்தது. பெல்லில் நீல விளக்கு எரிந்தது. கோவில்பட்டியிலும் அடித்திருக்கும்.

"ஏட்டி, கூட்ட எங்க?" என்றது பெல். இரண்டு மாதம் கழித்துக் கேட்கிற குரல். கொஞ்சமும் மாறவில்லை.

அவள் கேமராவுக்கு நேராக நின்றாள்.

"கூடு காலி, அத்தை. ரிப்போர்ட் சித்திரையிலயே வந்துருச்சு. குறை என்கிட்ட இல்ல. உங்க மகனுக்கு எல்லாம் தெரியும். கேட்டுக்கோங்க."



நீல விளக்கு அணைந்தது.

உதிர்ந்த மண்ணைப் பெருக்கி அள்ளினாள். குப்பைக் கூடையில் கொட்டினாள்.  

கீழே பைக் வந்து நின்றது.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அவன் மாடி ஏறி வந்தான். இரண்டு மாதப் பழக்கம். பெல்லைப் பார்க்காமல் கதவைத் தட்டினான்.

பெல் பேசியது.

"யய்யா. அவ சொல்லுதது நெசமா?"

தட்டுவது நின்றது.

"ஒன்னத்தான் கேக்கேன்."

எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"கதவத் திற," என்றான் அவன். அவளிடம்தான். குரல் தணிந்திருந்தது.

அவள் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் அவன் அம்மாவுக்குப் பதில் சொல்லட்டும்.