கமிட்டியின் கெடுபிடி

"வீட்டுல நாய் இருக்கா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"இல்லைங்க" என்றார் வீடு வாங்க வந்தவர்.

"பூனை?"

"அதுவும் இல்லைங்க."

"இனிமே வளர்க்கற எண்ணம்?"

வந்தவர் மனைவியைப் பார்த்தார். கிளிகூட வளர்க்க மாட்டோம் என்று அந்த அம்மாள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

அது கூட்டுறவுக் குடியிருப்பு. அங்கே கையில் பணம் இருந்தால் மட்டும் வீடு வாங்கிவிட முடியாது. கமிட்டி கூப்பிட்டுப் பேசி, சரி என்று தலையாட்ட வேண்டும். பெண் கேட்டுப் போன இடத்தில்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள். கமிட்டித் தலைவர் பல் டாக்டர் என்பதால் குடைவது அவருக்குக் கைவந்த கலை.

விற்பனைக்கு வந்திருந்தது மூன்றாம் மாடி வீடு. இரண்டு படுக்கையறை, கூடவே சொந்தமாக ஒரு மொட்டை மாடி. சந்தடியில்லாத தெரு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற நர்ஸ். கட்டடம் முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் தனியாக இருப்பது வெளியூரில் இருக்கும் மகனுக்கு நெஞ்சில் முள். வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்வது என்று ஒரே பிடியாக நின்றான். அம்மா மறுக்கவில்லை. மறுத்தது கமிட்டிதான்.

ஏற்கெனவே மூன்று பேரைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ஒருவரிடம் நாய். இன்னொருவர் வீட்டில் டிரம்ஸ். மூன்றாமவர் சத்தமாகச் சிரித்தார் என்பதைத் தவிர அவரிடம் என்ன குறை என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

இந்த முறை மகன் விடுவதாக இல்லை. நாய், டிரம்ஸ், சிரிப்பு எதுவும் இல்லாத ஒரு தம்பதியைச் சல்லடை போட்டுத் தேடிப் பிடித்திருந்தான்.

"மாடியில செடி வைப்பீங்களா?" என்று கேட்டார் டெய்லர் அக்கா. கமிட்டியில் அவர்தான் செயலாளர்.

"ஆசைதாங்க. நாலஞ்சு தொட்டி."

டாக்டரும் டெய்லர் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொட்டி என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் கசிவு, கசிவு என்றால் கீழ்வீட்டுக் கூரை என்று டாக்டர் விளக்கினார். அப்படியானால் தொட்டியே வேண்டாம் என்றார் வந்தவர். ஆசையை அடக்குகிறவர்கள் என்றைக்காவது மீறுவார்கள் என்றார் டெய்லர் அக்கா. கதை முடிந்தது. எதிர்க் கட்டடத்தில் இதே மாதிரி ஒரு வீடு காலியாக இருப்பதாகச் சொல்லித் தம்பதியை வழியனுப்பினார்.

மகனோடு ஓரமாக உட்கார்ந்திருந்த சிஸ்டருக்கு வந்ததே கோபம்.

"நாலாவது தடவை, டாக்டர். வேலையை விட்டுட்டு என் பையன் நாயா அலையறான். உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

டாக்டர் கமிட்டி நோட்டை மூடி வைத்தார்.

மகன் அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தான். இங்கே அம்மா ஒருநாள் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவார்கள் என்ற பயம் அவனுக்கு.

"கவலைப்படாதம்மா. ஒரு கை பார்த்துடறேன். அடுத்த மாசமே வேற ஆளைக் கூட்டிட்டு வரேன்."

அவன் தலையைக் கோதிவிட்டார் அம்மா. உன்னை மாதிரிப் பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். அது மனதாரச் சொன்னதுதான். கார் தெருமுனை திரும்பும்வரை கையசைத்துக்கொண்டே நின்றார்.

பிறகு மெதுவாகப் படியேறினார். வீடு திறந்திருந்தது. அவருடைய வீட்டுச் சாவி கீழ்வீட்டிலும் எதிர்வீட்டிலும் எப்போதும் உண்டு. மொட்டை மாடியில், தினமும் சாயங்காலம் உட்காரும் அதே நாற்காலிகளில் டாக்டரும் டெய்லர் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். டீ போட்டு மூடி வைத்திருந்தது.

"மனசு இருக்கான்னு கேட்டுட்டீங்களே, சிஸ்டர்" என்றார் டாக்டர். நிஜமாகவே முகம் வாடியிருந்தது.

"கொஞ்சம் கூடிப்போச்சு, மனசுல வெச்சுக்காதீங்க" என்று டாக்டரின் கோப்பையில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார் சிஸ்டர். "வரமாட்டேன்னு அவன் முகத்துக்கு நேரா என்னால சொல்ல முடியலையே. அடுத்து அவன் கூட்டிட்டு வர்றவங்க சொக்கத் தங்கமா இருப்பாங்க. என்ன குறை சொல்லலாம்னு இப்பவே யோசிச்சு வையுங்க."