கேட் வரைக்கும் கணக்கு

கார்பன் புகைக் கணக்கெடுக்கத் தையல் கம்பெனிக்கு வந்த அருள்செல்வன் முதலில் அணைத்தது, அயர்ன் மேசைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைத்தான்.

"மூணு மணி நேரந்தானுங்க, பெரியவரே. இந்த ஆர்டருக்குக் கரண்டு செலவைக் கொறச்சுக் காட்டோணும்."

தேய்ப்புக்காரர் பெரியகருப்பன் நின்றுபோன ஃபேனை அண்ணாந்து பார்த்தார். போன மாதம் இதே மேசையடியில் மயங்கி விழுந்தவர் அவர். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் மயில்சாமி சொல்லியிருந்தார்.

"யாருக்குத் தம்பி இந்தச் சட்டை?"

"ஜெர்மன் கம்பெனி ஆர்டருங்க. டாக்டருங்க மாநாட்டுக்கு. வெக்கை மனுசனை என்ன பண்ணுதுன்னு பேசறாங்க. அந்த மாநாட்டால எவ்வளவு கார்பன் ஆகுதுன்னு சட்டையில இருந்தே அளக்கறோம்."

"நல்லாப் பேசட்டும்" என்றார் பெரியகருப்பன். ஆவி முகத்தில் அடித்தது.

அருள்செல்வன் சும்மா இருக்கவில்லை. டீ வந்த பேப்பர் கப்புகளை எண்ணினான். யார் பஸ்ஸில் வந்தார், யார் நடந்து வந்தார் என்று கேட்டு லேப்டாப்பில் தட்டினான். அவன் வந்த கார் மட்டும் டிரைவரோடு வாசலில் ஏசி ஓடியபடி நின்றது.

சட்டைகளை மடிக்கையில் பெரியகருப்பனுக்கு ஒன்று உறுத்தியது. இருபது வருஷமாக வெள்ளைக்காரன் சைஸைத் தேய்த்த கை அது. இதுவோ அத்தனையும் நம்ம ஆள் தோளுக்குத் தைத்த மாதிரி இருந்தது.

"ஜெர்மன்காரன் இளைச்சுட்டான் போல" என்று முனகிக்கொண்டார்.

கண் இருட்டியது. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். விழவில்லை.

கடைசிப் பெட்டி லாரியில் ஏறியது. அருள்செல்வன் பெரிய மனது பண்ணி, தன் கையாலேயே ஃபேனைப் போட்டான்.

"ரொம்பக் கம்மியா வந்திருக்குதுங்க. சர்ட்டிபிகேட் உறுதி."

"லாரி எங்க தம்பி போகுது?"

"கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குங்க. கப்பலுக்கு நேரமில்லை. பிளேன்லதான் ஜெர்மனி போகோணும்."

"பிளேனுக்குக் கணக்கு கிடையாதாக்கும்?"

"என்னோட கணக்கு இந்த கேட் வரைக்குந்தானுங்க."

பெரியகருப்பன் துண்டைப் பிழிந்தார். சொட்டியது. "டாக்டருக கூடிப் பேசுற அளவுக்கு ஜெர்மனியில வெக்கையா?"

"மாநாடு அங்க இல்லீங்க. கம்பெனி குடோன்ல பசுமை முத்திரை குத்தி, மறுபடி பிளேன்ல திருப்பி அனுப்புவாங்க."

"அப்ப மாநாடு எங்கதான் நடக்குது?"

அருள்செல்வன் லேப்டாப்பைப் பையில் வைத்தான்.

"கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு எதுத்தாப்லதானுங்க."