பனிமலை வருகிற இடம்

"தாடியை வழிச்சுப்போட்டு வந்து நிண்டா அது ஆர்? என்ர கப்டனே?"

இரத்தினசிங்கம் மேசையில் அடித்த அடியில் பிளேன்ரீக் கிளாஸ்கள் துள்ளின.

மற்றினிக் காட்சி விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்கிடையில் சண்டையை முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் கடை முழுவதும் இருந்தது.

துறைமுக வாசலுக்குப் போகிற தெருவில், தியேட்டருக்கு நேர் எதிரே இருந்தது ஸஹாப்தீனின் தேநீர்க் கடை.

அங்கே ஓடிக்கொண்டிருந்த ஆங்கிலப் படத்தின் முதல் பாகம் கலவரத்துக்கு முன்னால் வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போனது. பாலைவன மணலுக்குள் புதைந்துபோன கப்பலைத் தேடிப் போகிற தாடிக்காரக் கப்டனின் கதை. இப்போது இரண்டாம் பாகம். கப்டன் தாடியில்லாமல் பனிமலையில் புதையல் தேடினான். ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

மீன் ஏலம் கூறும் இரத்தினசிங்கம் முதல் பாகத்தின் ஆள். அதில் கப்டன் பயந்தான், வியர்த்தான், தாகத்தில் அழுதான். இதில் மலை இடிந்து தலையில் விழும்போதும் பல்லைக் காட்டுகிறான் என்பது அவருடைய குறை.

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அலியாருக்கு இரண்டாம் பாகம்தான் படம்.

"அழுகையப் பாக்கிறதுக்கு ஏன் படத்துக்குப் போவான்? ஊருக்குள்ள இல்லாத அழுகையா?"

ஸஹாப்தீனுக்கு இந்தச் சண்டை பிடிக்கும். கொஞ்ச நேரமாவது ஊரில் நடக்கிறதை மறந்து சத்தம் போடுகிறார்களே என்று இருக்கும். சத்தம் தணிகிறபோதெல்லாம் எதையாவது சொல்லி அவரே மூட்டிவிடுவார்.

அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது மூலைக் கதிரையில் இருந்த ஆனந்தராசா.

அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் சசிதரனைத் தை மாதச் சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் ஏற்றிக்கொண்டு போனார்கள். முகாமில் போய்க் கேட்டபோது அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். இந்தப் படம் வந்ததிலிருந்து மனிதர் ஒரு மற்றினியும் தவறவிடவில்லை. மகனை மறக்கத்தான் படத்தில் போய் விழுகிறார் என்று கடையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதனால் யாரும் அவருக்குப் பேச்சுக் கொடுப்பதில்லை.

"அண்ணன், இந்தப் படத்தை உங்களளவு பாத்த ஆள் ஊரில இல்ல. நீங்க தீர்ப்புச் சொல்லுங்க. முதலாவதா, ரெண்டாவதா?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாதோ என்று ஸஹாப்தீனுக்குப் பட்டது.

ஆனந்தராசா கிளாஸைக் கீழே வைத்தார். கேள்வியை மதித்து, உண்மையாகவே யோசித்தார்.

"பனிமலை வாற இடம் நல்லது."

அலியார் பக்கம் கூவியது. யாரோ வாங்குப் பலகையில் தாளம் போட்டார்கள்.

"அதில அப்பிடி என்ன ஐயா இருக்கு?" இரத்தினசிங்கம் விடவில்லை.

"அந்த இடத்தில திரை முழுக்க வெள்ளை. கொட்டகைக்குள்ள நல்ல வெளிச்சம் விழும். கலரியில இருந்து பல்கனி வரைக்கும் முகமெல்லாம் தெரியும்."

தாளம் நின்றது.

"நான் முன் வரிசையில இருந்து பின்பக்கமாத் திரும்பித்தான் பாக்கிறனான். படம் எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது, தம்பி."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்போல அவர் ஸஹாப்தீனின் பக்கம் திரும்பினார்.

"ஸஹாப்தீன் நானாதானே சொன்னவர். முதல் நாள் டிக்கட் வரிசையில என்ர மகனைப் போல ஒரு பெடியன் நிண்டவன் எண்டு. அவன்தான். முதல் பாகத்தை எத்தினை தரம் பாத்தவன்! ரெண்டாவது வந்தா எங்கயிருந்தாலும் வந்திடுவான்."

ஸஹாப்தீனுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை.

தை மாதத்துக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். என்ர பிள்ளையைக் கண்டனீங்களோ, இந்தத் தெருவால போனவனோ என்று. கடை வாசலில் நின்று கேட்கிறவர்களை இல்லை என்று அனுப்ப அவருக்கு மனம் வருவதில்லை. மூதூர் போகிற லாஞ்சுப் படகில் கண்டதாக ஒருவருக்குச் சொல்லியிருக்கிறார். பஸ் நிலையத்தில் கண்டதுபோல இருந்தது என்று ஒரு தாய்க்கு. அன்றைக்கு அந்த முகங்கள் கொஞ்சம் தெளிந்தால் போதும் என்றுதான் நினைத்தார். தெளிந்த முகத்தோடு அவர்கள் எங்கே போனார்கள், எங்கே காத்து நின்றார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மேசையைச் சுற்றி வந்து ஆனந்தராசாவின் முன்னால் நின்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன், நான் ஆரையும் காணல்ல. உங்கட முகத்தப் பாக்க ஏலாம, வாயில வந்ததச் சொல்லிப்போட்டன்."

ஆனந்தராசா கோபப்படவில்லை. எழுந்து, ஒரு நோயாளியைத் தேற்றுகிறவர்போல ஸஹாப்தீனின் தோளைத் தொட்டார்.

"உங்களுக்கு மறந்துபோச்சு, நானா. ஒரு நாளைக்கு எத்தினை முகத்தைப் பாக்கிறனீங்கள்."

வெளியே வந்து சைக்கிளை எடுத்து, உப்புவெளிப் பக்கம் மிதித்துப் போனார். ஸஹாப்தீன் தெருவரைக்கும் இறங்கி ஓடினார். கூப்பிட்டு இன்னும் என்ன சொல்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை எடுத்துவிட்டு, பாட்டும் சிரிப்புமான ஒரு தமிழ்ப் படம் போட்டார்கள்.

ஆனந்தராசா அதற்கும் வந்தார்.